ஐந்தாவது புடவை

திருவேற்காடு,
24 மார்ச் 2025

பவித்ராவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கையால் எழுதியிருந்தாய், நல்லது. ஆனால் வங்கியில் வீணான காகிதத்தின் பின்பக்கத்தில் அம்மாவுக்கு எழுதக் கூடாது.

மே ஐந்தாம் தேதி உனக்கு அறுவை சிகிச்சை, கர்ப்பப்பையை எடுக்கிறார்கள், ஆறு வாரம் குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, நான் புனேவுக்கு வந்து கூட இருந்தால் தைரியமாக இருக்கும். இதெல்லாம் நான்கு வரி. அதன் பிறகு இரண்டு பக்கத்துக்கு நான் என்னென்ன துணி எடுத்து வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இதில் எது விஷயம், எது ஒட்டு என்று எனக்குப் பிடிபடவில்லை.

'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்கிறாய். எட்டாம் வகுப்பில் நான் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்ததற்கு சிஸ்டர் பெர்னடெட் பரிசளித்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். கேப்ஸ்யூல் என்றால் விதைகள் அடங்கிய கூடு, அல்லது மருந்தை அடைக்கும் சின்ன உறை. வார்ட்ரோப் என்றால் துணி அலமாரி. இரண்டையும் சேர்த்தால் என்ன அர்த்தம்? எனக்கு ஒதுக்கியிருக்கும் இடம் அவ்வளவு சிறியது என்கிறாயா? அதை நேராகவே எழுதலாமே.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் காலை, இந்த வாசற்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று மாப்பிள்ளை ஸ்ரீராமிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன். காரணம் உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிஷம் போனில் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்று முடித்துக்கொள்கிறோம். முப்பத்தொரு வருஷம் அம்பத்தூர் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். போனில் யாரும் உண்மை பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் முக்கியமானதை எழுது.

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலில் அந்தப் பட்டியலை விளக்கு.

அம்மா,
வசந்தகுமாரி செங்கல்வராயன்


புனே,
31 மார்ச் 2025

அம்மா,

இந்தத் தடவை நல்ல காகிதம்.

பட்டியலைப் பற்றி. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் மூன்று மணி நேரம் காக்க வைத்துவிட்டார்கள். என் போனில் ஓடிய வீடியோவில் ஒரு பெண் கோடைக்காலத்துக்கு எத்தனை துணி போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பத்துத் துணி, எல்லாம் எல்லாவற்றோடும் சேரும்படி எடுத்துக்கொண்டால் முப்பது விதமாக உடுத்தலாம் என்றாள். அதற்குத்தான் கேப்ஸ்யூல் வார்ட்ரோப் என்று பேர். உள்ளே என்ன சொல்வார்களோ என்று காத்திருந்த எனக்கு, கணக்கு சரியாக வரும் ஒரு விஷயம் பிடித்துப்போனது. அங்கேயே உட்கார்ந்து உங்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். அவ்வளவுதான் அம்மா. நான்கு வரியில் எழுதியதைப் பற்றி அதற்குமேல் எழுத எனக்குப் பயமாக இருந்தது.

விளக்கம்: ஐந்து புடவை. வெள்ளை, சந்தனம், சாம்பல், இளம் பழுப்பு, ஒரு கருநீலம். எல்லாம் நியூட்ரல் கலர். மூன்று ரவிக்கை. எந்த ரவிக்கையும் எந்தப் புடவைக்கும் போகும். ஐ மூன்று பதினைந்து. விமானத்தில் பதினைந்து கிலோதான் விடுவார்கள். நீங்கள் தூங்கும் அறையில் அலமாரியில் பாதி ஸ்ரீராமின் அம்மாவுடைய துணி. உங்களைச் சிறிய இடத்தில் அடைக்கிறேன் என்று இல்லை, வீடே சின்னதுதான்.

அத்தை உங்களை விசாரித்தார். "உங்கம்மா வருவாங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

கிரகப்பிரவேசத்தன்று நடந்ததை நேரில் பேசலாமே அம்மா. எழுத்தில் எனக்கு வராது.

பவித்ரா


திருவேற்காடு,
7 ஏப்ரல் 2025

பவித்ராவுக்கு,

நேரில் பேச வேண்டுமானால் நான் வர வேண்டும். வர வேண்டுமானால் முதலில் அதைப் பேசியாக வேண்டும். இது எந்தக் கணக்கில் சேரும் என்று உன் வீடியோக்காரியிடம் கேட்டுச் சொல்.

ஐ மூன்று பதினைந்து என்று எழுதிவிட்டாய். உள்பாவாடை எங்கே? வெள்ளைப் புடவைக்குள் கருநீலப் பாவாடை கட்டினால் ஊருக்கே தெரியும். புடவைக்கு ஒன்று என்று வைத்தாலும் ஐந்து ஆகிவிட்டது. உன் எட்டுத் துணி பதின்மூன்றாகிவிட்டது. அந்தப் பெண் புடவை கட்டுகிறவளாக இருக்க மாட்டாள்.

ஆனாலும் பட்டியலை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லிக்குப் போனேன். அஷ்ரஃபுன்னிசாவை உனக்கு நினைவிருக்கும். உன் கல்யாண ரவிக்கை தைத்தவள். கண் மங்கிவிட்டது, ஆனால் கைக்கு இன்னும் அளவு தெரிகிறது. ஒரே ரவிக்கை ஐந்து புடவைக்குப் போகுமா என்று கேட்டேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யம்மா, நாப்பது வருஷமா அரக்குக்கு அரக்கு இல்ல, அது ஒரு நூல் தூக்கலா கீதுன்னு என் கடையிலர்ந்து டூ பை டூ துணிய மூணு வாட்டி திருப்பி எட்துகினு போன ஆளு நீங்க. இப்ப அஞ்சுக்கு ஒண்ணான்றீங்க. உடம்புக்கு நல்லாத்தானே கீது?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் பட்டியலை வாங்கிப் பக்கத்துக் கடைப் பெண்ணைப் படிக்கச் சொன்னாள். வெள்ளை, சந்தனம், சாம்பல் என்று கேட்டதும் அவள் முகம் மாறியது. "இது இன்னாம்மா, இத்தாவுல இருக்கறவ துணி மாரி கீது? எங்கள்லயே நாலு மாசம் பத்து நாளு, அதோட சரி. அதுக்கப்புறம் நான் எந்தக் கலர் போடலே சொல்லுங்க" என்றாள். அவள் கணவர் ஷேக் தாவூத் போய், அவள் இத்தா என்று துக்கம் காத்துப் பதினோரு வருஷம். அன்று ரோஜா நிறத்தில் உடுத்தியிருந்தாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நியூட்ரல் என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கமும் சேராதது என்று அர்த்தம். உன் அப்பா போன பதினாறாம் நாள், என் அண்ணன் வீட்டிலிருந்து கோடி என்று ஒரு வெளிர்ப் புடவை கொண்டுவந்து, கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் என் மேல் போட்டார்கள். வாங்கிக்கொண்டேன், அழுதேன். மறுமாதம் அதை யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டு என் கலர்ப் புடவைகளையே கட்டினேன். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

நான்கு வருஷம் கழித்து நீ சொன்னாய். உன் கிரகப்பிரவேசத்துக்கு என் கிளிப்பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். பால் காய்ச்சும் நேரத்தில், அத்தனை பேர் நிற்கும்போது, பிரிக்காத புதுச் சந்தன நிறப் புடவையை இரண்டு கையாலும் நீட்டி, "அம்மா, இதக் கட்டிக்கோங்க, சீக்கிரம்" என்றாய். புதுத்துணி, வெளிர் நிறம், சபை நடுவே. அது கோடி இல்லாமல் வேறு என்ன? கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இரவு அதை மடித்து உன் கட்டிலில் வைத்துவிட்டேன்.

இப்போது அதே நிறங்களைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறாய். தெரிந்து செய்கிறாயா, தெரியாமலா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தெரியாமல் என்றால், நான் வளர்த்த பெண் இவ்வளவு தெரியாதவளா என்பது இன்னொரு குழப்பம்.

அம்மா


புனே,
13 ஏப்ரல் 2025

அம்மா,

உங்கள் கடிதத்தை வங்கியில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பிறகு சாப்பிடவில்லை.

கோடி என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் பெண் அவ்வளவு தெரியாதவள்தான். இங்கே எல்லோரும் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் ஆபீசுக்கு வருகிறார்கள். இருபத்தைந்து வயதுப் பெண் முழுக்க வெள்ளையில் வருகிறாள், அதுதான் பெரிய ஸ்டைல் என்கிறார்கள். அந்தக் கண்ணோடு பட்டியல் போட்டுவிட்டேன். உங்கள் கண்ணோடு ஒரு தடவை படித்துப் பார்த்திருக்க வேண்டும். பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்.

அன்றைக்கு நான் அந்தப் புடவையைக் கொடுத்தது வேறு காரணத்துக்காக. அதை எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன், வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பச்சைப் புடவையை அதற்குப் பிறகு கட்டினீர்களா? பிரித்தாவது பார்த்தீர்களா?

அந்த வீடியோவில் ஒரு விஷயம் மட்டும் நன்றாக இருந்தது. எதையும் முடிவு செய்யும் முன் அலமாரியில் இருக்கும் அத்தனையையும் கட்டிலில் எடுத்துப் போட வேண்டுமாம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பிரித்து, ஒரு வருஷமாகத் தொடாததைத் தனியாக வைக்க வேண்டுமாம். எனக்காக அதைச் செய்யுங்கள். வருவதும் வராததும் பிறகு.

மருத்துவமனையில் முன்பணம் கட்டியாகிவிட்டது. மே ஐந்து மாறாது.

பவித்ரா


திருவேற்காடு,
19 ஏப்ரல் 2025

பவித்ராவுக்கு,

நேற்று செய்தேன். வீட்டு வேலைக்கு வரும் எல்லம்மா துணைக்கு இருந்தாள். கட்டில் போதாமல் ஊஞ்சல் பலகையிலும் போட்டோம். ஐம்பத்து மூன்று புடவை. எல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, இம்மாம் பொடவைய உள்ள வச்சிகினு, அந்த ஊதாவையும் கட்டம் போட்டதையும் மாத்தி மாத்திக் கட்டிகினு கீறீங்க? நான் வேற பாவம் டீச்சரம்மாக்கு இல்லபோலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

நான் டீச்சர் இல்லை என்று ஒன்பது வருஷமாகச் சொல்கிறேன். அவள் கேட்பதாக இல்லை.

ஆனால் அவள் சொன்னது சரி. எண்ணிப் பார்த்தேன். இந்த வருஷம் முழுவதும் நான் கட்டியது ஏழு புடவைதான். அந்த ஏழும் ஒன்றோடொன்று நன்றாகவே சேர்கின்றன. நீ ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து போட்ட கணக்கை நான் அறியாமலே இங்கே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மீதி நாற்பத்தாறும் எதற்கு என்று யோசித்தேன். யார் கேட்டாலும் என்னிடம் கலர் இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் போலிருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

பச்சைப் பட்டு அடித்தட்டில் வெள்ளைத் துணியில் சுற்றி இருந்தது. உன் ஊரிலிருந்து வந்த அன்று, பார்க்கக்கூடப் பிடிக்காமல் வைத்தது. நான் பிரிக்க மாட்டேன் என்றேன். எல்லம்மா பிரித்தாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"யம்மா, இங்க பாருங்க. பின்னாடி ஒக்கார்ற எடத்துல நீட்டா உட்டுகினு கீது. ரெண்டு சாண் இருக்கும். வெளிச்சம் இந்தாண்ட வர்து."

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மடிப்போடு நேராக விட்டிருந்தது.

இப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மடித்தே வைத்த பழைய பட்டு அலமாரிக்குள்ளேயே மடிப்பில் விடும். அது எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கிறவள் நான். கோபத்தில் இதை மட்டும் மாற்றவில்லை. எனவே அதற்குப் பிறகு கிழிந்திருக்கலாம். எல்லம்மா உதறியதில் கிழிந்ததோ என்றும் நினைத்தேன். கேட்டதற்கு, "நான் தொட்டாலே கிய்யுமா, நல்லா கீதே கத" என்று கோபித்துக்கொண்டு தேங்காய்கூடத் துருவாமல் போய்விட்டாள்.

ஆனால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அன்று ஹோமத்தின் எதிரில் தரையில் உட்கார்ந்து எழுந்தபோது காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யாரோ பார்சல் பிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் உள்பாவாடை அன்று வெள்ளை.

நீ அதைப் பார்த்தாயா? பார்த்ததால்தான் அந்தப் புடவையை நீட்டினாயா? அப்படியானால் ஏன் என் காதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இரண்டு வருஷமாகவும் ஏன் சொல்லவில்லை? நான் கோபப்பட்டதெல்லாம் எதன் மேல் என்று எனக்கு இப்போது தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

அம்மா


புனே,
24 ஏப்ரல் 2025

அம்மா,

பார்த்தேன்.

அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்கள் என்னை மன்னித்திருப்பீர்கள், எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் சுற்றி வளைக்காமல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் முழுவதும் எழுதுகிறேன்.

பால் காய்ச்சுவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தை என்னைச் சமையலறைக் கதவோரம் கூப்பிட்டார். "பவி, உங்கம்மா அடுப்புகிட்ட முன்னாடி நிக்கிறாங்க. கொஞ்சம் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. கணவன் இல்லாதவர் சுப காரியத்தில் முன்னால் நிற்கிறாரே என்பதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவரிடம் சண்டை போடவா, உங்களிடம் போய்ச் சொல்லவா என்று தெரியாமல் கூடத்துக்கு வந்தேன். அப்போதுதான் பின்பக்கம் கிழிந்து வெள்ளைப் பாவாடை தெரிவதைப் பார்த்தேன்.

அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது அம்மா. இதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. நான் யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை, ஒரு நல்ல காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஓடிப்போய் பீரோவில் மேலாக இருந்ததை எடுத்து வந்து நீட்டினேன். நிறத்தைப் பார்க்கவில்லை. கிழிசலை எல்லோர் முன்னாலும் சொன்னால் நீங்கள் கூசிப்போவீர்கள் என்று சொல்லாமல் விட்டேன். அது உண்மை. தனியாக வந்த பிறகும் சொல்லவில்லை. ஏனென்றால் சொல்ல ஆரம்பித்தால் அத்தை சொன்னதையும் சொல்ல வேண்டி வரும்.

அத்தை கிழிசலைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாரா, மற்றதை மனதில் வைத்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதே வீட்டில் இருக்கிறோம், ஒரே குக்கரில் சாப்பிடுகிறோம். இரண்டு வருஷத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

டிக்கெட்டை ஸ்ரீராம் மே இரண்டாம் தேதிக்கு எடுத்து வைத்திருக்கிறார். நீங்கள் வராவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம் என்றார். அத்தையே என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். பார்த்துக்கொள்வார். ஆனால் மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது நீங்கள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பவித்ரா


திருவேற்காடு,
28 ஏப்ரல் 2025

பவித்ராவுக்கு,

நிம்மதி என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். என் மாமியார் காலத்தில் இப்படி எத்தனையோ தடவை பேசாமல் விட்டிருக்கிறேன், அதற்கெல்லாம் எனக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. மூன்றாம் முறை ஒன்றும் தோன்றவில்லை. உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். எழுபத்து மூன்று வயதில் ஒரு கேள்விக்குத் தெரியவில்லை என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லாதது.

உன் அத்தை என்ன அர்த்தத்தில் சொன்னார் என்றும் யோசித்துப் பார்த்தேன். 'பாத்துக்க' என்று சொன்னவர் நல்லதற்கும் சொல்லியிருக்கலாம். வந்து நானே அவரிடம் கேட்கிறேன். இல்லை, கேட்காமலும் இருந்துவிடலாம். ஆறு வாரம் ஒரே அலமாரியில் துணி வைக்கப்போகிறோம், அதற்குள் தெரியாமலா போகும்.

பச்சைப் பட்டை அஷ்ரஃபுன்னிசாவிடம் எடுத்துப் போனேன். இழையோட்டித் தைக்க முடியுமா என்று கேட்டேன். விரலால் தடவிக்கொண்டே போனாள். "இது போச்சும்மா. ஒரு மடிப்பு உட்டுச்சின்னா அட்த்த மடிப்பும் உட்ரும். ஆனா கொசுவத்துக்கு உள்ள போற தல இருக்கு பாருங்க, வெயிலே படாம சிங்கமாட்டம் கீது" என்றாள். வெட்டட்டுமா என்று கேட்டாள். கத்திரியை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெட்டு என்றேன்.

மூன்று ரவிக்கை வந்தது. உள்ளே நல்ல லைனிங் கொடுத்திருக்கிறாள். இரண்டு எனக்கு. ஒன்று உன் அளவில். உன் பழைய அளவு அவள் நோட்டில் இருந்தது, பக்கத்தில் இரண்டு அங்குலம் பிரித்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறாள். ஆறு வாரம் முடிந்து கையைத் தூக்க முடிந்த பிறகு போட்டுக்கொள்.

அங்கிருந்து வந்து அந்தக் கிளிப்பச்சையை என் துணிகள்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சாம்பலுக்குப் போகிறது. ஊதாவுக்குப் போகிறது. கட்டம் போட்டதற்கும், இத்தனை வருஷம் எதோடும் சேராமல் கிடந்த அந்தச் செங்கல் நிறத்துக்கும்கூடப் போகிறது. எனக்கே ஆச்சரியம். நாற்பது வருஷமாக நூல் நிறம் பார்த்துத் துணி எடுத்தவளுக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

எல்லம்மா சமாதானமாகிவிட்டாள். அந்த நாற்பத்தாறில் இரண்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது. நான் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். "புள்ளைய பத்திரமா பாத்துக்குங்க டீச்சரம்மா" என்றாள். அவள் சொன்னதில் எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

இரண்டாம் தேதி காலை விமானம். இந்தக் கடிதம் எனக்கு முன் வந்து சேர வேண்டும் என்பதற்காக விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். மாப்பிள்ளையை விமான நிலையத்துக்கு வரச் சொல், நீ வராதே. பெட்டியை எடை போட்டாயிற்று, பதினொரு கிலோதான். அதில் நான்கு புடவை இருக்கிறது. நீ ஐந்து கேட்டிருந்தாய் என்பது எனக்கு மறக்கவில்லை.

ஐந்தாவது உன் வீட்டில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் உன் கட்டிலில் மடித்து வைத்துவிட்டு வந்தது. தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். இஸ்திரி போட்டு வை. நீ கண் திறக்கும் அன்று பச்சை ரவிக்கையோடு அதைக் கட்டிக்கொள்கிறேன்.

அதற்கு உள்பாவாடை நான் கொண்டு வருகிறேன். சந்தன நிறத்தில்.

அம்மா